நூற்றிருபது மில்லி செகண்ட்

மௌஸில்தான் ஆரம்பித்தது. அப்பா அதை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, கவிழ்த்துப் பார்த்தார்.

"இது செத்துப்போச்சும்மா. நான் அமுக்கி, இது யோசிச்சு, அப்புறம்தான் குண்டு போகுது. அதுக்குள்ள எதிரி வீட்டுக்குப் போய் குளிச்சுட்டே வந்துடறான்."

மகள் சிரித்தாள். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

"கூடத்தை அளந்து பாத்துட்டுத்தான்டி சொல்றேன்" என்றார் அப்பா.

அளக்காமல் அவர் எதையும் சொன்னதில்லை. முப்பத்தோரு வருடம் மின் நிலையத்தில் ரிலே சோதித்தவர். எங்கோ ஒரு கம்பி அறுந்து விழுந்தால், அதை உணர்ந்து "வெட்டு" என்று உத்தரவு கொடுக்கும் சிறிய பெட்டிதான் ரிலே. உத்தரவு நாற்பது மில்லி செகண்டில் போக வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லை. தாமதித்தால் கம்பிக்குக் கீழே நிற்கிறவன் கரிக்கட்டை. அப்பாவின் வேலை அந்தத் தாமதத்தை அளப்பது. தேறிய பெட்டிக்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு. ஸ்டிக்கரில் தேதி, அளவு, கையெழுத்து.

வேலையை விட்டு வந்தாலும் வேலை அவரை விடவில்லை. வீட்டில் எது பழுதானாலும் ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்? புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை எறிய விடமாட்டார். யூகத்தை எழுத மாட்டார். அடுத்தவர் அளந்து சொன்ன ரீடிங்கை எழுதவே மாட்டார். அளக்காத பதினாறு ரிலேக்களுக்குப் பச்சை ஒட்டச் சொன்ன அதிகாரியிடம் மாட்டேன் என்று சொல்லி, நானூறு கிலோமீட்டர் தள்ளித் தூக்கியடிக்கப்பட்டவர். அங்கே கூரை ஒழுகிய குடியிருப்பை அம்மா இன்னும் மறக்கவில்லை. "பதினாறு துண்டு பச்சைத் தாள். ஒட்டியிருந்தா என் பாத்திரத்துல மழைத்தண்ணி பிடிச்சிருக்க மாட்டேன்."

ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் வீட்டைச் சுற்றி வந்தவருக்கு மகள் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். டாங்கி ஓட்டிச் சுடும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் பழைய ஷிப்ட் கூட்டாளியையும் அதில் இழுத்துவிட்டார். சட்டென்று கோபத்தில் எரிந்துபோகிறவர் என்பதால் அவருக்கு நிலையத்தில் வைத்த பெயர் ஃப்யூஸ். இரண்டு பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, தினமும் காலையில் யுத்தம் செய்தார்கள்.

"யோவ், இடது பக்கம் பாரு!"

"உன் இடதா, என் இடதா?"

"இடது என்னய்யா ஆளுக்கு ஒண்ணு?"

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம்தான் மௌஸ் செத்தது.

புது மௌஸ் வந்தது. அப்பா பச்சை ஒட்டினார். பத்து நாளில் முகம் சுருங்கியது. "மௌஸ் இல்ல. மானிட்டர்." பழைய மானிட்டர் நொடிக்கு அறுபது படம் காட்டுவது. நூற்று நாற்பத்து நான்கு காட்டுவதை அப்பாவும் மகளும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு அந்தச் சாயங்காலங்கள் பிடித்திருந்தன. அவளும் சோதனைப் பொறியாளர்தான். மருத்துவமனைக் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை. அப்பாவிடம் வேறு எதைப் பற்றியும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

மானிட்டர் வந்த வாரம் அப்பாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. அடுத்த வாரம் இன்னொன்று. அம்மா பிடிவாதமாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். கைத்தசையில் ஊசி குத்திச் சோதித்தார்கள். அப்பா அந்தக் கருவியை எப்போது கடைசியாகச் சரிபார்த்தார்கள் என்று கேட்டார். டெக்னீஷியன் முறைத்தார். இதே அப்பாதான், மகள் பிறந்தபோது எடை சொன்ன நர்ஸிடம் தராசுக்குச் சோதனைத் தேதி என்ன என்று கேட்டவர்.

டாக்டர் மகளையும் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டார். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை, பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. "தொண்டையிலயும் ஆரம்பிச்சிருக்கு. இந்த வகை வேகமாப் போகும். ஒரு வருஷம்கூட நிச்சயமா சொல்ல முடியாது."

வராந்தா பெஞ்சில் அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவர்கிட்ட சொல்லாதே. அளந்து அளந்தே செத்துப்போவார்."

"சித்தப்பாவைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரேம்மா."

"நான் போகச் சொல்றேன். இதைச் சொல்லாமலே போகச் சொல்றேன்."

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இரண்டு பஸ் மாறினால் அவர் வீடு. பதினோரு வருடமாகப் பேச்சில்லை. பாட்டி இறந்த அன்று புயல். அப்பா நிலையத்தைவிட்டு இரண்டு நாள் நகர முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "உனக்கு அந்தப் பெட்டிங்கதானே அம்மா. அங்கேயே போ" என்று சித்தப்பா வாசலிலேயே சொன்னார். அப்பா பதில் சொல்லாமல் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்: "போய்ட்டு வரணும். அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." என்ன என்று கேட்டால், "அவன்கிட்ட சொல்ல வேண்டியதை உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

நரம்புத் தளர்ச்சி, வைட்டமின் குறைவு என்று அப்பாவிடம் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அப்பா மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டார். அம்மா சித்தப்பா வீட்டுப் பேச்சை எடுத்தபோதெல்லாம், "போகலாம், எங்கே ஓடிப்போறான்? முதல்ல இந்த மிஷின் சரியாகட்டும்" என்றார். அவசரப்படுத்தினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா அவசரப்படுத்தவில்லை.

கிண்டலையும் நிறுத்திவிட்டாள். "என்ன, இப்பல்லாம் கூடம் நேராயிடுச்சா?" என்று அப்பா சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் தொடர்ந்தது.

அடுத்தது, திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருபத்தேழு சென்டிமீட்டர்தான் இடம். அப்பா ஸ்கேல் வைத்து மூன்று முறை அளந்தார். கார்டு இருபத்தாறு. மின்சாரம் போதுமா என்று மகள் கணக்குப் போட்டாள். போதும். கார்டைப் பொருத்தும்போது அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் மூன்று முறை வழுக்கியது. "ஸ்க்ரூவோட தலை தேஞ்சிருக்கு" என்றார். புது ஸ்க்ரூ. மகள் வாங்கி முடுக்கினாள்.

கார்டுக்கும் பச்சை ஒட்டினார். அதுவும் உதவவில்லை. காலையில் ஹெட்போனில் ஃப்யூஸ் கத்துவது அறை முழுக்கக் கேட்டது. "யோவ், தூங்கிட்டியா? உன் டாங்கியில டயர் பஞ்சரா?"

"டாங்கிக்கு ஏதுய்யா டயர்?" என்று அப்பா சொன்னார். சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளை உட்கார வைத்தார். "மௌஸ் இல்ல, மானிட்டர் இல்ல, கார்டு இல்ல. மிச்சம் இருக்கறது மதர்போர்டு, பிராசஸர், மெமரி. இந்த மூணுல எது?"

"மூணையும் ஒண்ணாத்தான்பா மாத்தணும். புது பிராசஸர் பழைய போர்டுல உக்காராது. புது போர்டுல பழைய மெமரி பொருந்தாது."

"மூணையும் ஒண்ணாவா? அப்படி மாத்தறவன் சோதனைக்காரன் இல்லம்மா, வியாபாரி." யோசித்தார். "அப்ப முதல்ல அளக்கணும். நான் பொத்தானை அமுக்கற நேரத்துக்கும் திரையில வெளிச்சம் வர்ற நேரத்துக்கும் நடுவுல எவ்வளவு? மிஷின் தாமதம்னா மாத்துவோம். மிஷின் சரியா இருந்தா..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அவர் முடித்துக் கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. மிச்சம் ஒன்றுதான், அவர் கை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு சின்னக் கருவியைக் கட்டினாள். மௌஸ் பொத்தானில் ஒரு கம்பி, திரையில் ஒட்டிய ஒரு வெளிச்ச உணரி, நடுவே ஒரு சிறிய பலகை. எண் கருவியோடு இணைத்த போன் திரையில் வரும். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். சிவப்பும் பச்சையுமாக இரண்டு ஸ்டிக்கர்களை மேசையில் எடுத்துவைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்துக் காத்திருந்தார். பேனாவைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடிக்கவில்லை, முஷ்டிதான் பிடித்திருந்தது.

அவள் பொத்தானை அமுக்கினாள். நாற்பத்தொன்று. மறுபடி அமுக்கினாள். நாற்பது. பத்து முறை அளந்தாள். சராசரி நாற்பத்தொன்று. நல்ல மிஷின். ரிலேக்கு வேண்டிய அளவுக்கே ஒரு மில்லி செகண்ட்தான் அதிகம்.

"எவ்வளவும்மா?"

அவள் அந்த முஷ்டியைப் பார்த்தாள்.

"நூத்தி இருபது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்ததை அவள் அதற்குமுன் எத்தனை முறை பார்த்திருப்பாள்? "நான் சொன்னேன்ல! நூத்தி இருபதாம்டி! கூடம் கோணல்தான்!" என்று சமையலறையைப் பார்த்துக் கூவினார். குரல் லேசாகக் கரகரத்தது. மற்றபடி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது. அதை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க நேர்ந்தது.

"நீங்க ஒரு தடவை பாத்துக்கறீங்களாப்பா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

"அடுத்தவன் ரீடிங்கைத்தான் எழுத மாட்டேன். நீ அடுத்தவளா?" சிவப்பு ஸ்டிக்கரில் கோணல்மாணலாக எழுதினார்: 120. தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு குற்றமும் செய்யாத மதர்போர்டை மறுவாரம் கழற்றினார்கள். புதிய மூன்றையும் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா தாள் தாளாகக் குறிப்பெடுத்தார். எழுத்து வாரத்துக்கு வாரம் பெரிதாகி, கடைசித் தாளில் நாலே வார்த்தைகள் இருந்தன. பழைய போர்டை, பிராசஸரும் மெமரியும் அதிலேயே இருக்க, உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தார்.

புது மிஷினுக்கு அவர் கொடுத்த கெடு ஒரு மாதம். அது மூன்றானது. ஆக, அவள் அந்த எண்ணைச் சொல்லி நாலு மாதம். அதற்குள் அப்பா இடது கையால் மௌஸ் பிடிக்கப் பழகினார். சாப்பாட்டை அம்மா பிசைந்து கொடுத்தாள். பேச்சு வாய்க்குள் குழைந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரிந்தது. "மாத்திரை ஒத்துக்கல" என்றார் அப்பா. தம்பி வீட்டுப் பயணம் மாத்திரை மாற்றும்வரை தள்ளிப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் அலுவலகத்திலிருந்து வந்தபோது வாசலில் ஃப்யூஸின் செருப்பு கிடந்தது. அறையில் மேசைமேல் இரண்டு மதர்போர்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதில் கம்பிகள் மாட்டியிருந்தன. அவள் இழுப்பறையில் இருந்த கருவி திரையில் ஒட்டியிருந்தது. ஃப்யூஸ் அவளைப் பார்க்காமல் ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கை மட்டும்தான் பாப்பா. சொன்னதெல்லாம் உங்கப்பா" என்றார்.

அப்பா நாற்காலியைக் காட்டினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு சேர்த்துக்கொண்டு பேசினார்.

"புதுசு... முப்பத்தாறு. பழசு நூத்தி இருபது. மூணு மடங்கு வேகம். ஆனா விளையாட்டுல... வித்தியாசமே இல்ல. அப்ப ரெண்டுல ஒரு ரீடிங்... பொய். உக்காரு. அளந்து படி."

அவள் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள்.

"சத்தமாப் படி."

"நாப்பத்தொண்ணு."

"இன்னொண்ணு."

"நாப்பது."

பத்து முறையும் படிக்க வைத்தார். ஃப்யூஸ் எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எவ்வளவு நாள் எனக்கு?" என்றார் அப்பா.

அவள் சொன்னாள். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும், சொன்ன தேதியோடு. வாசற்படியில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கோபப்படவில்லை. தேதியை மட்டும் திருப்பிக் கேட்டு, விரலால் தொடையில் மாதங்களை எண்ணினார். மடங்காத விரல்கள்.

"பேச்சு நல்லா இருந்தது... அப்ப" என்றார்.

போனைக் கொடுக்கச் சொன்னார். ஃப்யூஸ் எண்ணைப் போட்டு மேசையில் வைத்தார். நாலு முறை மணியடித்தபின் எடுத்தார்கள்.

"ஹலோ? யாரு?"

பதினோரு வருடம் கழித்துக் கேட்ட குரல். அப்பாவின் உதடுகள் அசைந்தன. "தம்பி" என்றார், "நான்தான்" என்றார். மகளுக்குப் புரிந்தது. அவசரத்தில் அடுத்த வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கூழாகின.

"யாருப்பா இது? பொழுது சாயறதுக்குள்ளயே ஊத்தியாச்சா? வெச்சிட்டுப் போய்ப் படு."

வைத்துவிட்டார்.

மகள் போனை எடுக்கப் போனாள். "நான் பேசறேன்பா. என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நான் அப்படியே சொல்றேன்."

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நீ சொன்னா... அவன் நம்பலாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் நம்ப மாட்டேன்."

அதுதான் அவளிடம் அவர் பேசிய கடைசி நீளமான வாக்கியம்.

மறுநாள் அலுவலக மாடிப்படியில் நின்று அவள் சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். விவரம் சொன்னாள். "நேத்து... அது அண்ணனா?" என்றார் அவர். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னார்.

அவளுக்குத் தேர்ந்தெடுக்க இன்னும் ஒரு சாமான் இருந்தது. கண் எந்த எழுத்தைப் பார்க்கிறதோ அந்த எழுத்தைத் திரையில் போடும் கேமரா. யாரும் நடுவில் இல்லாமல் அப்பாவே தம்பிக்குச் சொல்லலாம். படத்தைக் காட்டியபோது அப்பா நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சரி என்று கண்ணை மூடித் திறந்தார். பழைய பிராசஸரில் அது ஓடாது, புதியதில் ஓடும். அந்தப் பொய்யால் விளைந்த ஒரே லாபம் அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை வந்து சேரும் என்றார்கள்.

வியாழக்கிழமை காலைக் கஞ்சி மூச்சுக்குழலில் போனது. சனிக்கிழமை பெட்டி வந்தபோது அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு தூக்க மருந்தில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். "அண்ணே, நான் வந்துட்டேன் அண்ணே" என்று அவர் சொன்னது கண்ணாடிக் கதவுக்கு வெளியேயும் கேட்டது. அப்பாவின் கண் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்துச் சித்தப்பா மறுபடி வந்தார். நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சமையலறையில் அம்மா மகளின் கையில் காபியைக் கொடுத்து, மெதுவான குரலில் சொன்னாள். "கேட்டார்னா சொல்லிடுடி. அண்ணனுக்கு உங்கமேல கோபமே இல்ல, மன்னிச்சுட்டார்னு. ஒரு வார்த்தைதானே. அந்த மனுஷன் நிம்மதியாப் போகட்டும்."

அவள் காபியோடு உள்ளே போனாள். சித்தப்பாவின் மடியில் பழைய மதர்போர்டு இருந்தது. அதில் இப்போது இரண்டு ஸ்டிக்கர்கள். சிவப்பில் அப்பாவின் கோணல் எழுத்து. பக்கத்தில் பச்சையில் ஃப்யூஸின் எழுத்து.

"ஒரே சாமானுக்கு ரெண்டு சீட்டு ஒட்டியிருக்கே. எதும்மா சரி?"

"பச்சை."

"அப்ப சிவப்பு?"

"அது நான் சொன்னது."

நின்றபடியே முழுவதையும் சொன்னாள். நூற்றிருபதை, நாலு மாதத்தை, எந்த மாதம்வரை அப்பாவுக்குப் பேச்சு தெளிவாக இருந்தது என்பதை. காபியில் ஆடை படிந்தது.

"என்கிட்ட என்னவோ சொல்லணும்னு இருந்தாராமே. என்னம்மா அது?"

அம்மா கொடுத்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. நல்ல வார்த்தை. உண்மையாகக்கூட இருந்திருக்கலாம்.

"தெரியல சித்தப்பா."

"உனக்கு என்ன தோணுது?"

"யூகத்தை எழுதக் கூடாதுன்னு சொல்வார்."

சித்தப்பா தலையை ஆட்டினார். போர்டை உறைக்குள் போட்டு மேசைமேல் வைத்தார். பிறகு அதை மறுபடி கையில் எடுத்தார்.

"இன்னொரு தடவை நல்லா யோசிச்சுப் பாரும்மா" என்றார். "ஒரு வார்த்தையாவது, என்னிக்காவது, வாய் தவறியாவது சொல்லியிருப்பார்."

அவள் யோசித்துப் பார்த்தாள். வருடம் வருடமாக, சாயங்காலம் சாயங்காலமாகப் பின்னால் போய்ப் பார்த்தாள். மௌஸ் இருந்தது, மானிட்டர் இருந்தது, இருபத்தாறு சென்டிமீட்டர் இருந்தது. அது இல்லை.